கணனியும் நாமும்: வாயடைக்கப்பட்ட மெக்ரோ



சென்ற இதழில் எக்செல் தாளில் கூட்டல் போடுவது பற்றியும், பெயர்களை வரிசைப்படுத்துவது பற்றியும் எழுதியிருந்தேன். அதன் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன. "மெக்ரோ உள்ள கோப்பைத் திறந்து பட்டனை அழுத்தினால் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது. அதை அழுத்தினால் மஞ்சள் கோடு விழுகிறது. பயந்துபோய் மூடி விடுகிறோம். என்ன செய்வது?"

இதைப் பாடமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். எங்கள் மகளிர் சேமிப்புக் குழுவில் நடந்ததை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் பாடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நடந்ததையே சொல்கிறேன். பாடம் அதற்குள்ளேயே வரும்.

முதலில், மெக்ரோ என்றால் என்ன? ஒவ்வொரு மாதமும் நாம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம் அல்லவா? பட்டியலைத் திற, பெயரைத் தேடு, தொகையை எழுது, பிந்தியவர்களைக் குறி, அச்சடி. இந்த வரிசையை ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு பட்டனை அழுத்தியதும் கணனியே செய்துவிடும். அப்படி எழுதிக்கொடுத்த கட்டளைக் கோவைதான் மெக்ரோ. அதை எழுதும் மொழி விஷுவல் பேசிக் ஃபோர் அப்ளிகேஷன்ஸ், சுருக்கமாக வி.பி.ஏ. 1993இல் எக்செல் 5 வந்தபோது அதனுடன் சேர்ந்து வந்தது. இன்றும் அதுவே இருக்கிறது. வீட்டில் வேலைக்கு வந்த பிள்ளையிடம் "உப்பைப் போடு" என்றால் எவ்வளவு என்று திருப்பிக் கேட்கும். மெக்ரோ கேட்காது. சொன்னதைச் செய்யும், அல்லது முடியாவிட்டால் நின்று ஒரு பெட்டியைக் காட்டும். அந்தப் பெட்டிதான் நம் கதையின் நாயகி.

எங்கள் குழு கண்டியிலிருந்து கலஹா போகும் பாதையில் இருக்கிறது. அங்கத்தவர்கள் 86 பேர். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள், கண்டி டவுனில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள் என்று தமிழ், சிங்கள, முஸ்லிம் பெண்கள் எல்லோரும் இருக்கிறோம். பொருளாளர் ஒரு முஸ்லிம் சகோதரி. அவரை நாங்கள் எல்லோரும் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர் வாசகிகள் சிரிக்க வேண்டாம், எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். மாதம் 500 ரூபா சேமிப்பு. 15ஆந் திகதிக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 50 ரூபா தண்டம். ஒழுங்காகக் கட்டியவர்களுக்குக் கடன் கொடுப்போம். கணக்குப் பார்ப்பது நான்.

2022 வரை எல்லாம் பெரிய கொப்பியில்தான். அந்த வருடம் ஒரு பழைய கணனி அன்பளிப்பாகக் கிடைத்தது. கம்பஸில் படிக்கும் அயல்வீட்டுத் தம்பி ஒருவர் காசு வாங்காமல் மெக்ரோ எழுதித் தந்தார். வசூல் செய்யும் தங்கச்சிமார் தொலைபேசியில் பதிந்து அனுப்பும் பட்டியலை மெக்ரோ திறந்து, அந்தந்த மாதத்தின் தாளில் கொட்டும். பிறகு 12 தாள்களையும் படித்து, யார் எவ்வளவு கட்டினார், யார் பிந்தினார் என்று ஒரு சுருக்கம் அச்சடிக்கும். நல்ல வேலை. ஆனால் முதல் மாதத்திலேயே நாலைந்து தடவை அந்தப் பெட்டி வந்துவிட்டது. தாத்தா பட்டனைத் தொடவே மறுத்துவிட்டார். நான்தான் தம்பியைக் கூப்பிட்டு, "இந்தப் பெட்டி வராமல் ஏதாவது செய்யுங்கள் தம்பி, அக்காமார் பயப்படுகிறார்கள்" என்று சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "அது நல்லதில்ல மிஸ்" என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. அவர் உச்சியில் ஒரேயொரு வரியைச் சேர்த்தார். அன்றிலிருந்து பெட்டி வரவேயில்லை. நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். இரண்டு வருடம் சந்தோஷமாக இருந்தோம்.

2024 ஒக்டோபரில் ஒரு தங்கச்சி 75,000 ரூபா கடன் கேட்டார். டவுனில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். பின்னேரங்களில் சட்டை தைத்துக் கொடுப்பார். பாவித்த ஜுக்கி மெசின் ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கினால் வீட்டு வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு இருக்கலாம் என்பது அவர் கணக்கு. சுருக்கத்தைப் பார்த்தேன். 2023இல் ஏழு தடவை பிந்தியிருக்கிறார். 2024இலும் ஏழு தடவை. விதிப்படி கடன் இல்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அதை வாசித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் தன் சேமிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "கொஞ்சம் பாருங்க மிஸ்" என்றார். பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் 8ஆந் திகதி. வசூல்காரத் தங்கச்சியின் கையொப்பம். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கூடவே 14 தண்டப் பற்றுச்சீட்டுகளையும் ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தார். 700 ரூபா. "ஏன் இவ்வளவு நாளும் கேட்கவில்லை?" என்றேன்.

"கம்பியூட்டர் சொல்லுதுன்னு சொன்னீங்க மிஸ். அதான் கட்டிட்டேன்."

அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலையில் கோப்பைப் பிரதி எடுத்து பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பிரதியைத்தான் திறந்தேன். சகோதரிகளே, இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மெக்ரோவில் கை வைக்குமுன் பிரதி எடுக்காமல் ஒருபோதும் தொடாதீர்கள். மெக்ரோ செய்த மாற்றத்தை எக்செல்லில் பெரும்பாலும் பின்வாங்க முடியாது. கொன்ட்ரோல் இஸட் உதவாது. பெரிய இடங்களிலேயே பிரதி இல்லாமல் அவதிப்பட்டிருக்கிறார்கள். 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் கணனித் தொகுதியை ஒரு கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே மாதத்திலிருந்து சேர்ந்த கடிதங்கள் போயின. தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை.

ஓல்ட் விசையை அழுத்திக்கொண்டு எஃப் 11 அழுத்தினால் மெக்ரோ எழுதிய பக்கம் திறக்கும். உச்சியில் இருந்தது அந்த வரி: ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட். பொருள் என்ன தெரியுமா? "பிழை வந்தால் சொல்லாதே, அடுத்த வரிக்குப் போ." இந்த வரிக்கு நியாயமான இடங்கள் உண்டு. ஒரு தாள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் ஓரிரு வரிகளுக்கு மட்டும் போட்டு, உடனேயே 'ஒன் எரர் கோ டு பூச்சியம்' என்று எழுதி அணைத்துவிட வேண்டும். உச்சியில் போட்டுவிட்டு மறந்துவிடுவது, புகை மணி அடிக்கிறதென்று அதன் பற்றரியைக் கழற்றி வைப்பதுபோல. கழற்றச் சொன்னவள் நான்.

அந்த வரியின் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டேன். அப்படிப் போட்டால் வரி பச்சை நிறமாகி, கணனி அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். அழிக்கத் தேவையில்லை. பிறகு பட்டனை அழுத்தினேன். இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் பெட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கியது.

முதலில் வந்தது ரன்-டைம் எரர் 9. சப்ஸ்கிரிப்ட் அவுட் ஒஃப் ரேஞ்ச். உங்களில் பலருக்கு வருவதும் இதுதான் என்று கடிதங்களிலிருந்து தெரிகிறது. கேட்ட பெயரில் தாள் இல்லை என்பதே இதன் சாதாரணப் பொருள். பெயரின் கடைசியில் ஒரு வெற்றிடம் விழுந்திருந்தாலும் வரும். எங்களுக்கு நடந்தது வேறு. தட்டெழுதும் தங்கச்சி தமிழ்ப் பற்றினால் ஒரு தாளுக்கு 'ஏப்ரல்' என்று தமிழில் பெயர் மாற்றியிருந்தாள். மெக்ரோ ஆங்கிலப் பெயரைத் தேடியது. கிடைக்கவில்லை. வாயும் அடைத்திருந்ததால், கையில் இருந்த மார்ச் தாளையே இரண்டாம் முறை படித்து ஏப்ரலாகக் கணக்குப் போட்டுவிட்டது. எல்லோரும் மாதம் 500 ரூபாதானே, தொகை ஒத்துப்போனதால் யாருக்கும் தெரியவில்லை.

"சரி, மெக்ரோவிலும் தமிழிலேயே எழுதிவிடலாமே" என்பீர்கள். முடியாது. எக்செல் தாளில் தமிழ் அழகாக வரும். ஆனால் மெக்ரோ எழுதும் பக்கத்தில் யுனிகோட் தமிழை ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள்தான் விழும். அந்தப் பக்கம் பழைய காலத்தது. ஆகவே தமிழ்ச் சொல் தேவையென்றால் அதைத் தாளின் ஒரு கட்டத்தில் எழுதிவைத்து, மெக்ரோவை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினியில் 'கண்டி' என்று தெரிவது கணனிக்கு உண்மையில் எஃப், இஸட், அரைப்புள்ளி, பி என்ற நான்கு ஆங்கில விசைகள்தான். அதே 'கண்டி'யை யுனிகோட்டில் தட்டினால் நம் கண்ணுக்கு ஒன்று, கணனிக்கு இரண்டு. எங்கள் பட்டியலில் மூன்று பேர் இப்படி இரட்டைப் பிறவி எடுத்திருந்தார்கள்.

அடுத்தது எரர் 13, டைப் மிஸ்மெட்ச். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்துவிட்டது. யாரோ 500 என்று எழுதாமல், கடையில் பில் எழுதுவதுபோல 500/= என்று எழுதியிருந்தார்கள். நமக்கு அது பணம். கணனிக்கு அது ஒரு சொல். இதில் பயங்கரம் என்னவென்றால், வாயடைத்த மெக்ரோ அந்த வரியைத் தாண்டிப் போகும்போது, முந்தின அங்கத்தவரின் தொகை நினைவிலேயே தங்கிவிடும். அதையே இவர் பெயரிலும் எழுதிவிடும். முந்தினவர் நிலுவையோடு சேர்த்து 1,000 கட்டியிருந்தால் இவருக்கும் 1,000. கடந்த வருடம் மொத்தத்தில் 500 ரூபா வித்தியாசம் வந்தபோது, எண்ணுவதில் தவறியிருப்போம் என்று நானும் தாத்தாவும் எங்கள் கைக்காசைச் சரிபாதி போட்டு அடைத்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எரர் 6, ஓவர்ஃப்ளோ, சட்டென்று சொல்லிவிடக் கூடியது. தம்பி சேமிப்புத் தொகையை 'இன்டிஜர்' என்ற சின்னப் பாத்திரத்தில் வைத்திருந்தார். அது 32,767க்கு மேல் கொள்ளாது. மாதம் 500 என்றால் 65ஆவது மாதத்தில் 32,500. அடுத்த மாதம் 33,000 ஆகவேண்டும், பாத்திரம் நிரம்பிவிட்டது. ஒன்பது பழைய அங்கத்தவர்களின் சேமிப்பு கணனியில் 32,500இலேயே உறைந்து நின்றது. 'லோங்' என்று மாற்றினால் இருநூறு கோடிக்கு மேல் கொள்ளும். சதக் கணக்கும் வேண்டுமென்றால் 'கரன்சி'.

பெட்டி வரும்போது செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டு 'எண்ட்' அழுத்தாதீர்கள். முதலில் எண்ணையும் வாசகத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு 'டீபக்' அழுத்துங்கள். மஞ்சளாக நிற்கும் வரிதான் மெக்ரோ தடுக்கி விழுந்த இடம். அந்த வரியில் உள்ள சொற்களின் மேல் மவுஸைக் கொண்டுபோனால், அந்த நேரத்தில் அதற்குள் என்ன இருக்கிறது என்று சின்னதாகத் தெரியும். 500/= என்றோ வெறுமை என்றோ அங்கேயே பிடிபட்டுவிடும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மெக்ரோவுக்குள் கேர்சரை வைத்து எஃப் 8 அழுத்தினால் வரி வரியாகப் போகும். மெதுவான வேலைதான். அரிசியில் கல் பொறுக்குவதுபோல. நமக்குப் பழக்கமான வேலை.

இப்படி மூன்று நாள் உட்கார்ந்து எல்லாப் பெட்டியையும் அடக்காமல் தீர்த்தேன். மெக்ரோ தொடக்கத்திலிருந்து கடைசிவரை தடையில்லாமல் ஓடியது. ஆவலோடு சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.

அந்தத் தங்கச்சி அப்போதும் 14 தடவை பிந்தியிருந்தார்.

சகோதரிகளே, உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது. கையொப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மனித மனம் எவ்வளவு சீக்கிரம் பெட்டியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது பாருங்கள். பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பிந்தியதாகச் சொன்ன மாதங்கள் ஜனவரி தொடக்கம் ஜூலை வரை. ஓகஸ்டிலிருந்து ஒழுங்கு. அடுத்த வருடமும் அப்படியே ஜனவரி தொடக்கம் ஜூலை, பிறகு ஒழுங்கு. மனிதர்கள் இப்படிப் பிந்துவதில்லை. தோட்டத்து அக்கா ஒருவரின் கணக்கைப் பார்த்தேன். சம்பளம் 10ஆந் திகதி, மறுநாள் 11ஆந் திகதி கட்டிவிடுவார். அவர் ஜனவரி தொடக்கம் ஒக்டோபர் வரை பிந்துகிறார், நவம்பரில் திருந்துகிறார். 8ஆந் திகதிக்காரி எட்டாம் மாதத்தில் திருந்துகிறார். 11ஆந் திகதிக்காரி பதினோராம் மாதத்தில் திருந்துகிறார்.

விளங்கிவிட்டதா? எனக்கு விளங்க இன்னும் ஒரு நாள் பிடித்தது.

நாம் 08/03/2024 என்று எழுதினால் மார்ச் 8. அமெரிக்கர்களுக்கு அது ஓகஸ்ட் 3. அவர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். எங்கள் கணனியில் நாள் முன்னால் வரும்படிதான் அமைத்திருந்தோம். அந்தப் பட்டியலைக் கையால் திறந்தால் சரியாகவே தெரிந்தது. ஆனால் மெக்ரோ வழியாகத் திறக்கும்போது, வேறாகச் சொல்லாவிட்டால், அது அமெரிக்க முறைப்படிதான் படிக்கும். தங்கச்சி மார்ச் 8 கட்டிய காசை ஓகஸ்ட் 3 கட்டியதாக எடுத்து, மார்ச் 15ஐத் தாண்டிவிட்டது என்று தண்டம் விதித்தது. செப்டெம்பர் 8ஐ ஓகஸ்ட் 9 என்று படித்து, முன்கூட்டியே கட்டிவிட்டார் என்று பாராட்டியது. 13, 14, 15ஆந் திகதிகளில் கட்டியவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அவற்றை எழுத்தாகவே விட்டுவிட்டது. பிறகு மெக்ரோ அதைச் சரியாகவே திகதியாக்கிக்கொண்டது. ஆக, கடைசி நாளில் ஓடிவந்து கட்டிய நாங்களெல்லாம் நல்ல பிள்ளைகள். (நான் எப்போதும் 14ஆந் திகதிதான்.) சம்பளம் கையில் விழுந்த மறுநாளே கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான் எங்கள் பட்டியலில் கடன்காரிகள்.

இதற்குப் பெட்டி வராது. வாயை அடைத்திருந்தாலும் வராது, திறந்திருந்தாலும் வராது. கணனியைப் பொறுத்தவரை ஓகஸ்ட் 3 ஒரு நல்ல திகதி. பிழை இருப்பதே அதற்குத் தெரியாது.

இப்படிச் சத்தமில்லாத பிழைகள் எங்கள் போன்ற சின்னக் குழுக்களுக்கு மட்டும் வருவதில்லை. 2020இல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையினர் பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய கோப்பில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்த முடிவுகள் சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டெம்பர் 25இற்கும் ஒக்டோபர் 2இற்கும் இடையில் 15,841 நோயாளர்கள் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களுக்கு அறிவிப்பும் நேரத்துக்குப் போகவில்லை. 2007இன் புதிய எக்செல்லில் அதே தாள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வரிகளைக் கொள்ளும். பதின்மூன்று வருடமாகப் புதுப் பாத்திரம் இருந்தும் பழையதில்தான் சமைத்திருக்கிறார்கள்.

எங்கள் திருத்தம் சின்னது. பட்டியலைத் திறக்கும் வரியின் கடைசியில் 'லோக்கல்' என்பதற்கு 'ட்ரூ' என்று சேர்த்தால் நம் கணனியின் முறைப்படி படிக்கும். ஆனால் கணனி மாறினால் அமைப்பும் மாறலாம். ஆகவே தொலைபேசியில் பதியும்போதே 2024-03-08 என்று வருடத்தை முன்னால் எழுதும்படி மாற்றிவிட்டோம். அதை யாரும் இரண்டு விதமாகப் படிக்க முடியாது. நம் நாட்டு அரச கடிதங்களில் வருடம் முன்னால் வருவதைப் பார்த்து, இதென்ன தலைகீழ் வழக்கம் என்று நான் கேலி செய்ததுண்டு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சுருக்கத்தில் முன்பு 'பிந்தியது' என்று மட்டுமே அச்சாகும். இப்போது பக்கத்திலேயே கட்டிய திகதியும் மாதத்தின் பெயரோடு அச்சாகும். அது அன்றே இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே எவராவது கண்டுபிடித்திருப்பார்.

இன்னும் சில கேள்விகள் மீதி இருக்கின்றன. "கோப்பைச் சேமித்தேன், மறுநாள் மெக்ரோவையே காணவில்லை" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் என்று முடியும் கோப்பில் மெக்ரோ தங்காது. எக்ஸ்.எல்.எஸ்.எம் என்ற வகையில் சேமிக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறந்தால் சிவப்புப் பட்டை வந்து மெக்ரோ ஓடாமல் நின்றால், அது பிழையல்ல. இணையத்திலிருந்து வரும் மெக்ரோக்களை 2022இலிருந்து மைக்ரோசொஃப்ட் தானாகவே தடுக்கிறது. 1999இல் மெலிஸா என்ற மெக்ரோ வைரஸ் உலகம் முழுவதும் மின்னஞ்சல்களை அடைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அனுப்பியவரை நன்றாகத் தெரிந்து, அவரிடம் வாயால் கேட்டும் பார்த்த பிறகுதான், கோப்பின் மேல் வலது பக்கம் அழுத்தி 'ப்ரொப்பர்டீஸ்' போய் 'அன்ப்ளொக்' செய்ய வேண்டும். தெரியாத கோப்புக்கு ஒருபோதும் வேண்டாம்.

பிழைகளை எழுதும் கொப்பி என்று மேலே சொன்னேனே, அதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து மார்க் 2 என்ற பெரிய கணனி இயங்காமல் நின்றபோது, உள்ளே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து நாளேட்டில் டேப் போட்டு ஒட்டி, பூச்சி அகப்பட்டது என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர் கிரேஸ் ஹொப்பர். கணனி மொழிகளுக்கு வழி திறந்த பெண்மணி. இந்தக் கதையை ஊரெங்கும் சொல்லிப் பரப்பியவரும் அவர்தான். அந்த நாளேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் கொப்பியில் பூச்சி இல்லை. முதல் பக்கத்தில் அந்த 14 பற்றுச்சீட்டுகளின் போட்டோப் பிரதியை ஒட்டியிருக்கிறோம்.

நவம்பர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நான் எழுந்து நின்று, எப்படிப் பிழை வந்தது, அந்த வரியைப் போடச் சொன்னது யார் என்று சொன்னேன். தம்பியின் மேல் எவரும் கோபப்படக்கூடாது என்றும் சொன்னேன். 86 பேரின் சேமிப்புப் புத்தகங்களையும் வாங்கி, தாத்தாவும் நானும் தட்டெழுதும் தங்கச்சியும் இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து ஒப்பிட்டோம். 31 பேருக்குத் தவறாகத் தண்டம் வாங்கியிருந்தோம். மொத்தம் 11,850 ரூபா. கணனி வந்த பிறகு இந்தப் புத்தகம் எதற்கு, நிறுத்திவிடுவோம் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நல்லவேளை, தாத்தா விடவில்லை. இலங்கையின் முதல் கடன் கூட்டுறவுச் சங்கம் 1906இல் இந்தக் கண்டி மாவட்டத்துத் தும்பறையில்தான் தொடங்கியது. அந்தக் காலத்து மனிதர்கள் கொப்பியையும் கையொப்பத்தையும் வைத்தே கணக்குக் காத்தார்கள். இப்போது நாங்கள் மாதா மாதம் ஐந்து பேரின் புத்தகத்தைக் குலுக்கல் முறையில் எடுத்து, கணனியோடு ஒப்பிட்ட பிறகுதான் சுருக்கத்தில் கையொப்பம் வைக்கிறோம்.

அந்தத் தங்கச்சிக்குக் கடன் கொடுத்தோம். ஆனால் ஒக்டோபரில் விலைக்கு வந்த மெசினை அதற்குள் வேறொருவர் வாங்கிவிட்டார். இரண்டு மாதம் காத்திருந்து, 9,000 ரூபா கூடக் கொடுத்துத்தான் இன்னொன்று வாங்கினார். அந்த 9,000ஐக் குழு ஏற்க வேண்டும் என்று நான் பிரேரித்தேன். விதியில் இடமில்லை என்றார்கள். விதியை மாற்ற அடுத்த பொதுக்கூட்டம் வரை பொறுக்க வேண்டும். அதுவரை பொறுக்க எனக்கு முடியவில்லை. தாத்தாவிடம் பாதியைக் கேட்டேன். முழுவதையும் நானே போட்டால் என்ன என்று திட்டிவிட்டு, பாதியைத் தந்தார்.

தங்கச்சி வாங்க மறுத்துவிட்டார். "மிஸ், அதுக்குப் பதிலா எனக்கு அந்த எஃப் எட்டு அழுத்திப் பாக்குறத சொல்லிக் குடுங்க" என்றார். இப்போது செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் வருகிறார். போன வாரம், மெக்ரோவின் உச்சியில் பச்சையாகக் கிடக்கும் அந்த வரியைக் காட்டி, இதை ஏன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.